எட்டு வராத டோக்கன்

ஏனுங் சார், உங்க டோக்கன் நம்பர் என்னங்? இருபத்தெட்டுங்களா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, எனக்கு இங்கிருந்து மூணு மாதிரித் தெரியுது. இருபத்தெட்டேதானே? அப்பச் சரி. எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணோணும். எங்கிட்ட இருபத்தாறு இருக்குது. நீங்க இதை வெச்சுக்கங்க, அதை எனக்குக் குடுத்துருங்க. ரெண்டு ஆளுக்கு முன்னாடியே உள்ள போயிட்டு வந்துருலாம் நீங்க. எனக்கு அவசரம் இல்லையான்னா? இங்க உக்காந்திருக்கற இத்தனை பேர்லயும் எனக்குத்தானுங்க அவசரம். அதுனாலதான் கேக்கறேன்.

அப்பிடிப் பாக்காதீங்க சார், நான் நல்லாத்தான் இருக்கறனுங்க. இருபத்தாறைக் கூட்டிப் பாருங்க. ரெண்டும் ஆறும் எட்டுங்களா? எட்டு சனி. உங்களுது ரெண்டும் எட்டும் பத்து, அதைக் கூட்டினா ஒண்ணு. ஒண்ணு சூரியனுங்க. சூரியன்னா கவர்மென்டு. கவர்மென்டு ஆபீசுக்குள்ள சூரியனோட போறதுக்கும் சனியோட போறதுக்கும் வித்தியாசம் இருக்குதுங்களா இல்லீங்களா?

குடுத்துட்டீங்களா, ரொம்ப சந்தோசமுங்க. நீங்க நல்லா இருப்பீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, எட்டு எல்லாருக்கும் கெட்டதில்லைங்க. என்ன வேலையா வந்தீங்க? ரேசன் கார்டுல மருமவ பேரைச் சேக்கறதுக்கா? அட, அது எட்டுலயும் நடக்குமுங்க.

இப்ப எத்தனை ஓடுது? பத்தொம்பதா? அந்தக் கதவு மேல ஒரு கண்ணு வெச்சுக்கங்க சார், எனக்குக் காது கொஞ்சம் மந்தம். மாவுக்கடைங்க. பதினேழு வருசமா கிரைண்டர் பக்கத்துலயே நின்னா அப்பிடித்தான் ஆகும்.

இன்னொண்ணு. எம் பொண்ணு தாரணி இப்ப வரும். ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்குது. நாம டோக்கன் மாத்தினதை அதுகிட்டச் சொல்லிறாதீங்க. அந்த இருபத்தாறை அதுதான் காத்தால ஆறு மணிக்கே வந்து வரிசையில நின்னு வாங்குச்சு. பச்சத்தண்ணி கூடக் குடிக்காம நின்னுருக்குது.

தாரணி பன்னண்டாவது முடிச்சிருக்குதுங்க. எங்க குடும்பத்துல காலேஜ் வாசப்படி மிதிக்கப்போற மொதோ ஆளு. முதல் பட்டதாரின்னு ஒரு சர்டிபிகேட் இருக்குது பாருங்க, அது இருந்தா பீசுல பெரிய பங்கு கழிஞ்சிரும். இல்லீன்னா நம்மளால படிக்க வெக்க முடியாதுங்க, உள்ளதைச் சொல்றதுக்கு என்ன. இன்னைக்குச் சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தோணும். நாளைக்குன்னா சீட்டே கெடைச்சும் பிரயோசனமில்லை. இந்த ரூமுக்குள்ள இருக்கற தாசில்தார் ஐயா என்னை நேர்ல பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.

கடைசி நாள் வரைக்கும் எதுக்கு உட்டீங்கன்னு கேப்பீங்க. நாங்க எங்கிங்க உட்டோம்? ஒரு மாசத்துக்கு முன்னாடியே எழுதிப் போட்டாச்சு. ரெண்டு தடவை திரும்பி வந்துருச்சு. பேரு ஒத்து வரலியாம். புள்ளை பேரு இல்லைங்க, எம் பேரு.

எம் பேரு சென்னியப்பன். நான் சும்மா உக்காந்தவனில்லைங்க, நல்லா ஓடிக்கிட்டிருந்த யாவாரந்தான். காங்கேயம் ரோட்டுல இட்லி மாவு, தோசை மாவுன்னா நம்ம கடைதான். காத்தால அஞ்சு மணிக்கே தூக்குப்போசியோட பொம்பளைங்க வந்து நிப்பாங்க. நாலு மெஸ்ஸுக்கு மாவு போய்க்கிட்டிருந்துது. குறைன்னு ஒண்ணும் இல்லை. ஆனா மேல வரலைங்க. போன வருசம் என்ன இருந்துதோ அதேதான் இந்த வருசமும். பக்கத்துல இருக்கறவன் மாடி கட்டறான், நாம ஒடைஞ்ச ஓடு மாத்தறமே, ஏன்னு ஒரு யோசனை வருமா வராதுங்களா?

அதுவும் அர்த்தநாரி புது வீட்டுல பால் காச்சறதுக்குப் போயிட்டு வந்த பொறவு எனக்குத் தூக்கமே இல்லைங்க. அர்த்தநாரி எங்கூட ஒண்ணாவதுல இருந்து படிச்சவன். இன்னைக்கு மூணு போர்வெல் லாரி வெச்சிருக்கறான். வீடு பாக்கறதுக்கே கழுத்து வலிக்குது. இத்தனைக்கும் அவனுக்கும் எனக்கும் ஒரே பொறந்த தேதி. ஜூன் பதினேழு, எழுபத்தொம்பது. அவனுக்கும் எனக்கும் மட்டுமில்லை, எங்க வகுப்புல பதினோரு பேருக்கு அதே தேதிதான். ஹெட்மாஸ்டர் தலைக்கு மேல கையைச் சுத்திக் காதைத் தொடச் சொல்லுவாரு, தொட்டவனுக்கெல்லாம் ஒரே தேதியைப் போட்டு உள்ள தள்ளிருவாரு. அந்தக் காலத்துல அப்பிடித்தானுங்களே.

அங்க பந்தியிலதான் ஒருத்தர் ஒரு கார்டு குடுத்தாரு. எண்ஜோதிடர் குணபாலன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மாடியில இருக்கறாரு. போய்ப் பாத்தேன். பொறந்த தேதி கேட்டாரு, ஆதார் கார்டை நீட்டினேன். பாத்ததும் உச்சுக்கொட்டினாரு. பதினேழு, ஒண்ணும் ஏழும் எட்டு. பேரை இங்கிலீஷுல எழுதி ஒவ்வொரு எழுத்துக்கும் நம்பர் போட்டுக் கூட்டினாரு. அம்பத்திமூணு. அதுவும் எட்டு. 'ஏனுங்க, ரெண்டு பக்கமும் சனி உக்காந்துக்கிட்டு காசு எப்பிடிங்க உள்ள வரும்?'ன்னாரு.

நான் அர்த்தநாரியைக் கேட்டேன் சார். அவ்வளவு வெவரமில்லாதவன் இல்லை நான். அதே தேதியில பொறந்தவன் மூணு லாரி வெச்சிருக்கறானேன்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. 'அவருக்கு எட்டு உச்சத்துல இருக்குது, உங்களுக்கு நீசத்துல இருக்குது'ன்னாரு. பாருங்க, கேட்டா பதில் இருக்குது. பதில் இல்லாத கேள்வியே அவருகிட்ட இல்லைங்க.

மணி என்னங்? பன்னண்டு பதினாலா? ஒண்ணும் ரெண்டும் மூணு, ஒண்ணும் நாலும் அஞ்சு, ஆக எட்டு. இருங்க, ஒரு நிமிசம் போகட்டும், எந்திரிச்சுப் போய் தண்ணி குடிச்சுக்கறேன். என்னமோ நாக்கு ஒட்டுது. உள்ள இருந்து ஆரையாவது கூப்புட்டாங்களா? இருபத்தொண்ணா?

என்ன சொல்லிட்டிருந்தேன்? ம், பேரு. வியாபாரத்துக்கு அஞ்சு வேணுமாம், புதன். அம்பத்திமூணை அம்பத்தொம்பது ஆக்கினா அஞ்சு வந்துரும். ஆறு சேக்கோணும். நடுவுல என்-ங்கற எழுத்து ரெண்டு வருதுங்களா, அதை மூணாக்கினாரு, அதுக்கு அஞ்சு. ஒரு ஏ இருந்த எடத்துல ரெண்டு ஏ, அதுக்கு ஒண்ணு. முடிஞ்சுது. தமிழ்ல ஒண்ணும் மாறலைங்க, அதே சென்னியப்பன்தான். இங்கிலீஷுலதான் மூணு என்னும் ரெண்டு ஏவும். ஆதார்ல மாத்தினேன், பேங்குல மாத்தினேன், கடை போர்டுல மாத்தினேன். போர்டு எழுதறவரு 'ஏனுங்க, எழுத்து எச்சா இருக்குதுங்களே, கொறைக்கட்டுங்களா'ன்னாரு. 'காசும் எச்சா வரும், எழுதுங்க'ன்னேன்.

எம்பட சம்சாரம் வசந்தாமணி, அவளுக்கு எதுலயும் நம்பிக்கை இல்லை. 'ஏனுங்க, மாவு வாங்க வர்றவீங்கள்ல ஆருங்க இங்கிலீஷ் போர்டு படிக்கறாங்க?'ன்னா. பொம்பளைங்க படிக்கறதுக்கா போர்டு? அது கிரகம் படிக்கறதுக்குங்க. இதை எப்பிடி அவளுக்குப் புரிய வெப்பீங்க?

பேரை மாத்தினா மட்டும் பத்தாதாமுங்க. நாப்பத்தெட்டு நாளைக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்குக் குளிச்சுட்டுப் புதுப் பேரை நூத்தெட்டுத் தடவை எழுதோணும். எழுதினேன். ஒரு நாள் உடலை. நோட்டு ரெண்டு தீந்துது. அந்த நேரத்துலதான் கடையில ஆளு வரும், சரி, வசந்தாமணி பாத்துக்கட்டும்னு உட்டேன். அவ ஒத்தையாளு, உப்புப் போட்டுக் கலக்கறதா, பாக்கெட்டுப் போடறதா, சில்லறை குடுக்கறதா? நாலு நாள் மாவு புளிச்சுப் போச்சு. எனக்கு மூணு என் எழுதறதுல கை அடிக்கடி ரெண்டோட நின்னுக்கும், அடிச்சுட்டு மொதல்ல இருந்து எழுதோணும். அது எவ்வளவு சிரமம்னு வீட்டுல ஆருக்காவது தெரியுதுங்களா?

பொறவு வெலை. பாக்கெட்டு முப்பத்தஞ்சு ரூவாய்க்கு வித்துக்கிட்டிருந்தேன். மூணும் அஞ்சும் எட்டு! இத்தனை நாளா எட்டை வித்திருக்கறனுங்க நானு. நாப்பத்தொண்ணு ஆக்கினேன். நாலும் ஒண்ணும் அஞ்சு. பொம்பளைங்க ஒரு ரூவாய்க்கு எங்க போறதுன்னு கேட்டாங்க, நாப்பதாப் போடுங்கன்னாங்க. நாப்பது நாலுங்க, ராகு. அதை எப்பிடிங்க போடறது? எதுத்தாப்ல புதுசா ஒருத்தன் கடை போட்டான், அதே முப்பத்தஞ்சுக்கு. எல்லாம் அங்க போயிருச்சு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். சனி போகறப்ப ஒரு தட்டுத் தட்டிட்டுத்தான் போகும்னு குணபாலன் மொதல்லயே சொல்லியிருந்தாரு, அதுனால நான் பயப்படலை.

போன் நம்பரையும் மாத்தினேன். பழசைக் கூட்டினா நாலு வந்துது. புதுசு வாங்கி மூணு மாசம் ஒருத்தரும் கூப்புடலைங்க. ஒரு நாள் எங்கிட்ட மாவு வாங்கற ரயில்வே கேட் மெஸ்ஸுக்காரரைச் சந்தையில பாத்தேன். 'ஏப்பா சென்னியப்பா, உன் நம்பரைச் செவுத்துல எழுதி வெச்சிருக்கறோம், கூப்புட்டா உபயோகத்துல இல்லைங்குது, நீ கடையை மூடிட்டேன்னு நெனச்சு வேற ஆளு பாத்துக்கிட்டோம்'ன்னாரு. பாருங்க சார் சனி எங்கெங்க பூந்து வேலை செய்யுதுன்னு. செவுத்துல இருக்கற நம்பர் வரைக்கும்!

நீங்க சிரிக்கறீங்க. சிரிங்க, பரவால்லை. வசந்தாமணி சிரிக்கறதைக் கூட உட்டுட்டா. இப்ப அவ ஒரு பனியன் கம்பெனிக்குப் பீஸ் கணக்குல துணி தைக்கப் போறா. தாரணிதான் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி அரிசி ஊற வெச்சுட்டு, கரண்டுக்குத் தக்கன ஆட்டி வெச்சுட்டுப் போகும். கிரைண்டர் சத்தத்துல உக்காந்து படிச்சு நல்ல மார்க் வாங்கிருச்சு. அது பேருல கூட இங்கிலீஷு எச் ஒண்ணு சேக்கலாம்னு பேரு மாத்தற பாரம் வாங்கியாந்தேன், பேருல ஒரு எச் போட்டா ஆறு வருது, சுக்கிரன். அவங்க அம்மா அந்தப் பாரத்தை அடுப்புல போட்டுட்டா. போட்டது ஒரு வகையில நல்லதுதான்னு இப்பத் தோணுது. வெளியில சொல்லலை.

ஆரு, இருபத்திமூணா? இன்னும் மூணு ஆளு. இல்லை இல்லை, அஞ்சு. நான் இருபத்தெட்டு இல்லீங்களா. அஞ்சுங்க, நல்ல நம்பரு.

இந்தச் சர்டிபிகேட்டுக்கு எழுதிப்போட இ-சேவைக்குப் போனோம். அங்க தட்டச்சுப் பண்ற புள்ளை தங்கமான புள்ளைங்க. எம் பேரைப் பாத்துட்டு, பாவம் எங்கியோ தப்பா விழுந்திருக்குதுன்னு அதுவா ஒரு என் எழுத்தை எடுத்துருச்சு. நல்லெண்ணத்துல. ஆனா ஏவை உட்டுருச்சு. ரேசன் கார்டுல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு, மனுவுல ஒரு பேரு. திரும்பி வந்துருச்சு. மறுபடி போட்டோம், ஆதாரோட ரேசன் கார்டும் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டும் ஒத்து வரலைன்னு மறுபடி திரும்பி வந்துது. இப்ப வக்கீலுகிட்டப் போய் ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு எழுதி, முத்திரை வெச்சு வாங்கியாந்திருக்கறோம். இதோ பாருங்க. நாந்தான் நானுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கறேன். அந்தக் கையெழுத்தைப் பழசாப் போடறதா புதுசாப் போடறதான்னு வக்கீலே குழம்பிட்டாரு.

ரெண்டாந் தடவை திரும்பி வந்த அன்னைக்குத் தாரணி மனுவை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அழுகலைங்க. சண்டையும் போடலை. 'அப்பா, தகப்பனார் பேருன்னு இருக்கற எடத்துல உங்க பேரை எப்பிடி எழுதறதுன்னே எனக்குத் தெரியலைங்ப்பா'ன்னுச்சு. அவ்வளவுதான் சொல்லுச்சு. எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கலை சார். ஒண்ணாவது படிக்கறப்ப சிலேட்டுல மொதோ மொதல்ல எம் பேரைத்தான் அது எழுதுச்சு. அதைத் தூக்கிட்டுத் தெருவெல்லாம் காட்டினேன் நானு.

என்னங்? அப்பப் பேசாமப் பழைய பேருக்கே போயிருக்கலாமேன்னா? அங்கதாங்க விசயமே இருக்குது. கிட்ட வாங்க, சொல்றேன். போன மாசம் எங்க அக்கா பாவாயி வீட்டுக்குப் போயிருந்தேன். இந்தக் கதையெல்லாம் சொல்லி அழுதேன். அது கேட்டுச்சு, 'ஏஞ்சாமி, நீ ஜூன் மாசமா பொறந்தே? மாசி மாசமாச்சே, சிவராத்திரி முடிஞ்சு நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ. நாந்தான் தண்ணி காய வெச்சேன். ஜூன் பதினேழு உன்ற ஹெட்மாஸ்டர் போட்டது'ங்குது!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. பாத்தீங்களா சார் தப்பு எங்க இருக்குதுன்னு? கணக்குல தப்பே இல்லைங்க. ஹெட்மாஸ்டர்தான் என்ற பொழப்பைக் கெடுத்துட்டாரு. ஆரோ ஒருத்தன் பொறந்த தேதியை எனக்குப் போட்டு, அந்தத் தேதிக்குப் பேரை மாத்தினா எனக்கு எப்பிடிங்க வேலை செய்யும்? அந்தப் பதினோரு பேர்ல நெசமாவே ஜூன் பதினேழுல பொறந்தவன் எவனோ, அவனுக்குப் போயிருக்கும் என்ற காசெல்லாம். அர்த்தநாரிக்கா? அவன் ஐப்பசியில பொறந்தவனுங்க, தீவாளிக்கு முந்துன நாளு. இல்லைங்க, அதை விடுங்க, அது வேற.

குணபாலனுக்குப் போன் போட்டேன். தேதி மாறினாப் பேரும் மாறோணும், சரியான தேதியோட வாங்கன்னாரு. அக்காவுக்கு நாலாம் நாளா அஞ்சாம் நாளான்னு நெனப்பில்லை, வருசமும் எழுபத்தெட்டா எழுபத்தொம்பதான்னு கேட்டா ரெண்டையும் சொல்லுது. பரவால்லை, ரெண்டுக்கும் போட்டுப் பாத்து எது பணம் வர்ற தேதியோ அதை வெச்சுக்கலாம். இன்னைக்கு இந்த வேலை முடிஞ்சதும் நேரா அங்கதான் போறேன். தாரணிகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க.

இருங்க, பியூன் வெளிய வந்துட்டாரு. என்னமோ சொல்றாரே. எனக்குச் சரியாக் கேக்கலை, என்னங் சொல்றாரு? ஐயாவுக்குக் கலெக்டர் ஆபீசுல மீட்டிங்கா? ஒரு மணிக்குக் கெளம்பறாரா? இருபத்தேழு வரைக்குந்தானா? இருபத்தேழா?

மத்தவங்க நாளைக்குக் காத்தால வரோணுமா. இதே டோக்கன் செல்லுமா.

நாளைக்கு... நாளைக்கு எனக்குப் பிரயோசனமில்லைங்களே சார். அஞ்சு மணிக்குள்ள ஏத்தோணுமுங்களே. ஐயோ, இது எப்பிடி? இருபத்தெட்டுங்களே, சூரியனுங்களே இது.

அதோ தாரணி. அந்த ஊதாச் சுடிதார்ல, படியேறி வருதே, அதுதான். எப்பிடி வேர்த்திருக்குது பாருங்க. ஓடியாந்திருக்கும். கண்ணு, இங்க வா சாமி. எடுத்துட்டியா? எல்லாம் எடுத்துட்டியா? ம்? டோக்கனா?

இந்தா... கையிலதான் இருக்குது.

பாத்துருச்சு சார். இருபத்தெட்டைப் பாத்துருச்சு. 'மாத்திட்டீங்களாப்பா?'ன்னு மட்டும் கேட்டுட்டு, ஜெராக்ஸை அடுக்கறதாட்டம் தலையைக் குனிஞ்சுக்குச்சு. கண்ணு, அம்முணி, இங்க பாரு. அப்பனைப் பாரு. திட்டீரு சாமி, திட்டீரு.

என்னங் சார்? வேணாமுங்க. நீங்க எதுக்குங்க அதைத் திருப்பித் தர்றீங்க? நீங்க நாளைக்கு வர்றதுக்கு உங்களுக்குப் பஸ்ஸு... மருமவளுக்கு ஒரு நாள் பொறுத்துப் பேரு சேந்தாப் போதுமுங்களா? நெசமாத்தான் சொல்றீங்களா?

ஆனா சார், அது எட்டுங்க. சரியா இன்னைக்குப் பாத்து, இந்த வேலைக்கு, எட்டைப் புடிச்சுக்கிட்டு நான் எப்பிடிங்க உள்ள போவேன்? நான் சும்மா சொல்லலைங்க, எனக்கு நெசமாவே பயமுங்க. இத்தனை வருசம் இந்த நம்பரு என்னை என்னென்ன பண்ணியிருக்குது.

இருபத்தஞ்சு உள்ள போயிட்டாங்களா?

தாரணி, நீ பேசாம இரு சாமி. அப்பன் பாத்துக்கறேன்.

குடுங்க சார். குடுங்க, வாங்கிக்கறேன். நல்ல நம்பரை உங்க கையில குடுத்துட்டுக் கெட்டதை நான் வாங்கிக்கறேன். புள்ளைக்குன்னா வாங்கித்தானுங்களே ஆகோணும்? எது வந்தாலும் என்ற தலையோட போகட்டும். இந்தாங்க, இருபத்தெட்டைப் பத்திரமா வெச்சுக்கங்க, தொலைச்சுறாதீங்க. நாளைக்குக் காத்தால மொதோ ஆளு நீங்கதான். பாத்தீங்களா, ஒண்ணு! நான் சொல்லலீங்களா அது சூரியன்னு?

கூப்புடறாங்க. பேரைக் கேக்கறாரு பியூன். சென்னியப்பனுங்க... ஆமாங்க, சென்னியப்பன்தான். வாயில சொன்னா ஒண்ணேதானுங்க. வா சாமி, அப்பன் கையைப் புடிச்சுக்க. கெட்டியாப் புடிச்சுக்க.